ஐபோன் 16-ஆ, கேலக்ஸி எஸ்25-ஆ? போன் மாற்றக் கிளம்புமுன் செய்ய வேண்டியவை

நான்கு வருடமாக வைத்திருந்த ஆண்ட்ராய்டு போனில் சார்ஜ் மத்தியானம் இரண்டு மணிக்கே தீர ஆரம்பித்தது. 2025 மே மாதம், 80,000 ரூபாய் வரை போகலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு புதுப் போன் தேடினேன். அந்த விலையில் இரண்டுதான் கண்ணில் பட்டன. 128 ஜி.பி. ஐபோன் 16, விலை 79,900. 256 ஜி.பி. சாம்சங் கேலக்ஸி எஸ்25, விலை 80,999. மூன்று வாரம் யூடியூபில் ஒப்பீட்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எந்தச் சிப் எவ்வளவு மதிப்பெண் வாங்கியது என்றெல்லாம் மனப்பாடமே ஆகிவிட்டது.

அப்புறம் என்னைப் படாதபாடு படுத்தியவை அந்த வீடியோக்களில் இல்லாத விஷயங்கள்: இரண்டாவது சிம், வாட்ஸ்அப், யூ.பி.ஐ., பழைய போனின் எக்ஸ்சேஞ்ச். நான் வாங்கியது ஐபோன். ஒரு மாதம் கழித்து என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எஸ்25 வாங்கினான். ஆக, இரண்டு போனும் இப்போது எங்கள் வீட்டில் இருக்கின்றன. நான் தடுக்கி விழுந்த இடங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் சிக்கல், எனக்கு மாறிவிட்டது.

1. முதலில் பழைய போனைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். எத்தனை சிம், அவை யார் பெயரில் இருக்கின்றன. எந்த வங்கிக் கணக்கு எந்த எண்ணோடு இணைந்திருக்கிறது. வாட்ஸ்அப் எந்த எண்ணில் ஓடுகிறது. மொத்தம் எத்தனை ஜி.பி. நிரம்பியிருக்கிறது.

கடைசியாகச் சொன்னதை நான் பார்க்கவே இல்லை. என் பழைய போனுக்குள் 70 ஜி.பி., மெமரி கார்டில் 90 ஜி.பி. இருந்தது. ஐபோன் 16, எஸ்25 இரண்டிலுமே மெமரி கார்டு போட இடம் கிடையாது. 160 ஜி.பி.யை 128 ஜி.பி. போனில் எப்படி அடைப்பது? 256 ஜி.பி. ஐபோன் 16-இன் விலை அப்போது 89,900. அதாவது, சமமாக வைத்துப் பார்த்தால் இரண்டு போனுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 9,000 ரூபாய். 79,900-ஐயும் 80,999-ஐயும் பக்கத்தில் வைத்து ‘ஐபோன்தான் விலை குறைவு’ என்று நினைத்தது என் முதல் முட்டாள்தனம்.

கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேலக்ஸி வாட்ச் 4-உம் அதற்குப் பின் வந்தவையும் ஐபோனோடு இணையாது. ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது. வாட்ச் இருக்கும் வீட்டில் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது.

2. இரண்டு சிம் வைத்திருக்கிறீர்களா? இங்கே நில்லுங்கள்

நம்மில் பாதிப் பேர் இரண்டு சிம்காரர்கள். ஒன்று பேசுவதற்கு, இன்னொன்று வங்கிக்கும் கேஸ் புக்கிங்குக்கும் என்று பத்து வருடமாகக் காப்பாற்றி வருவது.

இந்தியாவில் விற்கும் எஸ்25-இல் இரண்டு சிம் அட்டை போடலாம், அதுபோக, அட்டையே இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம்மும் உண்டு. ஐபோன் 16-இல் ஒரே ஒரு சிம் அட்டைதான் போகும். இரண்டாவது எண் வேண்டுமென்றால் அதை இ-சிம்மாக மாற்றியாக வேண்டும். இது கடையில் சிம் தட்டை வெளியே இழுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தட்டில் ஒரு குழி. கையில் இரண்டு சிம்.

இ-சிம் மாற்றம் சுலபம் என்பார்கள். நிறுவனத்தின் ஆப் வழியாகவோ எஸ்.எம்.எஸ். வழியாகவோ கேட்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு உங்கள் மின்னஞ்சல் அவர்களிடம் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். என் இரண்டாவது எண்ணோடு இணைந்திருந்தது கல்லூரிக் காலத்து மின்னஞ்சல். கடவுச்சொல் மறந்து எட்டு வருடம் ஆகிறது. உறுதிப்படுத்தும் கடிதம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் ஆதாரோடு நேரில் போய், கைரேகை வைத்து, அரை நாள் கழித்துத்தான் வேலை முடிந்தது.

எனவே, ஐபோன் வாங்குவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே இதைச் செய்யுங்கள்: இரண்டு எண்ணிலும் பதிவாகியுள்ள மின்னஞ்சல் என்ன என்று நிறுவனத்தின் ஆப்பில் பாருங்கள், பழையதாக இருந்தால் மாற்றுங்கள். இ-சிம்முக்குப் புதுப் போனின் இ.ஐ.டி. என்ற 32 இலக்க எண்ணும் தேவைப்படலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கிடைக்கும். சிம் அப்பா பெயரிலோ வேறொருவர் பெயரிலோ இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சிம் அட்டை என்றால், போன் தண்ணீரில் விழுந்தாலும் கழற்றி வீட்டிலிருக்கும் பட்டன் போனில் போட்டுவிடலாம். இ-சிம்மில் அது நடக்காது. வங்கி எண்ணை அட்டையாகவே வைத்துக்கொண்டு, மற்றதை இ-சிம் ஆக்குவதுதான் என் யோசனை. நான் நேர்மாறாகச் செய்தேன்.

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் ஐபோன் வாங்கி வருகிறேன் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அங்கே விற்கும் ஐபோன்களில் 14 முதலே சிம் தட்டு கிடையாது, எல்லாமே இ-சிம்தான்.

3. கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

சிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஐபோன் 16-இல் ஏ18, எஸ்25-இல் ஸ்னாப்டிராகன் 8 எலைட். நமக்கு ஆகும் வேலைக்கு இரண்டுமே அதிகம். ஏ.ஐ. வசதிகளைக் காட்டி விற்பனையாளர் பத்து நிமிடம் பேசுவார், கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

திரையைப் பாருங்கள். இரண்டு போனிலும் செட்டிங்ஸைத் திறந்து விரலால் வேகமாக மேலும் கீழும் தள்ளுங்கள். எஸ்25-இன் திரை 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை வரை படத்தைப் புதுப்பிக்கும், ஐபோன் 16 வெறும் 60. எழுத்துகள் ஓடும்போது வித்தியாசம் தெரிகிறதா? என் கண்ணுக்குத் தெரிந்தது, மனைவிக்குத் தெரியவில்லை. தெரியாதவர்கள் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. எஸ்25-இல் போனைத் தொடாமலே மணி தெரியும்படி திரையை வைத்திருக்கலாம். ஐபோன் 16-இல் அது இல்லை.

கேமராவைச் சோதிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. கடையின் எதிர்ச் சுவரில் தொங்கும் விலை அட்டையைக் குறிவைத்து மூன்று மடங்கு ஜூம் செய்து இரண்டிலும் எடுங்கள். எஸ்25-இல் மூன்று மடங்கு ஜூமுக்கென்றே தனி லென்ஸ் உண்டு, எழுத்தைப் படிக்க முடியும். ஐபோன் 16-இல் அந்த லென்ஸ் இல்லை. இரண்டு மடங்கு வரை நன்றாக இருக்கும், அதற்கு மேல் பிசிறும். பள்ளி ஆண்டு விழாவில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் பிள்ளையைப் படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். அதே கடையில் நடந்துகொண்டே ஒரு நிமிடம் வீடியோவும் எடுங்கள். அங்கே எனக்கு ஐபோன்தான் பிடித்தது. குலுக்கல் குறைவு, முகத்தின் நிறம் மாறாமல் வந்தது.

அழைப்பைப் பதிவு செய்யும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள். சாம்சங்கில் அதன் சொந்த போன் ஆப்பிலேயே பதிவு செய்யலாம். ஐபோனிலும் 2024-இல் வந்த ஐ.ஓ.எஸ். 18.1 என்ற மென்பொருள் முதல் அந்த வசதி இருக்கிறது, ஆனால் பதிவாகிறது என்று இரண்டு பக்கமும் குரல் அறிவித்துவிடும். என் நண்பர் ஒருவர் சரக்கு ஆர்டர்களைப் போனில்தான் எடுப்பார், அப்புறம் பதிவைக் கேட்டுத்தான் எழுதுவார். அவர் ஐபோனைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கடையிலேயே நான்கு வரி அடித்துப் பாருங்கள். ஐபோனில் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. சாம்சங்கில் பெரும்பாலோர் கூகுளின் ஜிபோர்டுதான் போட்டுக்கொள்கிறார்கள், ஐபோனிலும் அது கிடைக்கிறது. விரல் பழக்கம் மாற எனக்கு இரண்டு வாரம் ஆனது.

4. எத்தனை வருடம் ஓடும், கெட்டுப்போனால் எங்கே போவது

எஸ்25-க்கு 7 ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக சாம்சங் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆப்பிள் அப்படி நீண்ட கணக்குச் சொல்வதில்லை, ஆனால் 2019-இல் வந்த ஐபோன் 11-க்கு 2025-இன் ஐ.ஓ.எஸ். 26 கிடைத்தது. எனவே இதில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. விற்கும்போது விலை நிற்பது ஐபோனுக்குத்தான். மூன்று வருடத்தில் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் சேருங்கள்.

இரண்டுக்கும் வாரண்டி ஓர் ஆண்டு. உடைந்த திரைக்கு வாரண்டி கிடையாது. ஆகவே வாங்குமுன் உங்கள் ஊரில் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, போன் போட்டு, ‘திரை மாற்ற எவ்வளவு, பேட்டரி மாற்ற எவ்வளவு, எத்தனை நாள் ஆகும்’ என்று மூன்று கேள்வி கேளுங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்றால் கவலையில்லை. சிறிய ஊர்களில் சாம்சங் சர்வீஸ் பக்கத்தில் கிடைக்கும், ஆப்பிளுக்குப் பெரும்பாலும் பேருந்து ஏற வேண்டும். ஆப்பிள்கேர் பிளஸ் காப்பீடு வேண்டுமென்றால் வாங்கிய 60 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும், அப்புறம் எடுக்க முடியாது.

5. எந்த மாதம் வாங்குவது

ஆப்பிள் புதுப் போனைச் செப்டம்பரில் வெளியிடும். அன்றே பழையதன் விலை குறையும். சாம்சங்கின் எஸ் வரிசை ஆண்டுத் தொடக்கத்தில் வரும். எஸ்24 வந்தது 2024 ஜனவரி 17, எஸ்25 வந்தது 2025 ஜனவரி 22.

நான் மே மாதம் வாங்கினேனா? செப்டம்பர் 9-ஆம் தேதி ஐபோன் 17 வந்தது. 120 ஹெர்ட்ஸ் திரை, ஆரம்பமே 256 ஜி.பி., விலை 82,900. அதாவது நான் கொடுத்ததைவிட மூவாயிரம் மட்டும் கூட. என்னிடமிருந்த 16-இன் விலை 69,900 ஆகிவிட்டது. நான்கு மாதம் பொறுத்திருக்கலாம். பழைய போனின் பேட்டரியை மாற்றி ஓட்டியிருந்தால் அது ஒன்றும் பெரிய செலவும் இல்லை.

எனவே ஐபோன் என்றால் மே முதல் ஆகஸ்ட் வரை வாங்காதீர்கள். சாம்சங் எஸ் வரிசை என்றால் நவம்பர், டிசம்பரில் முழு விலை கொடுக்காதீர்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளி வரை இணையக் கடைகளிலும் ஷோரூம்களிலும் நடக்கும் விற்பனைதான் இரண்டுக்குமே நல்ல காலம். சாம்சங் வெளியான மூன்று நான்கு மாதத்திலேயே வங்கிச் சலுகை, எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று இறங்கத் தொடங்கும். மச்சான் ஜூனில் வாங்கியும் தப்பித்தது அதனால்தான்.

6. விலை அட்டைக்கு அப்பால் எவ்வளவு

இரண்டு பெட்டியிலும் சார்ஜர் கிடையாது, கேபிள் மட்டும்தான். இதை எல்லோரும் அறிவோம். ஆனால் அந்தக் கேபிளின் இரண்டு முனையும் டைப்-சி. என் வீட்டிலிருந்த சார்ஜர்கள் எல்லாம் பழைய அகல ஓட்டைக்காரர்கள். முதல் நாள் இரவு 80,000 ரூபாய்ப் போனை வைத்துக்கொண்டு சார்ஜ் போட வழியில்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆப்பிளின் 20 வாட் சார்ஜர் 1,900 ரூபாய். எஸ்25 எடுப்பது 25 வாட் வரைதான். டைப்-சி, பி.டி. (பவர் டெலிவரி என்ற வேக சார்ஜ் முறை) என்று போட்ட ஒரே நல்ல சார்ஜர் இரண்டுக்கும் போதும். கவர், டெம்பர்ட் கிளாஸ் சேர்த்து ஆயிரம், ஆயிரத்து இருநூறு.

அடுத்து மாதச் செலவு. படங்களையும் பேக்கப்பையும் இணையத்தில் சேமிக்க ஆப்பிளின் ஐகிளவுடில் இலவசம் 5 ஜி.பி., கூகுளில் 15 ஜி.பி. அதற்கு மேல் ஐகிளவுட் 50 ஜி.பி.க்கு மாதம் 75 ரூபாய், 200 ஜி.பி.க்கு 219. கூகுளில் 100 ஜி.பி.க்கு 130. என் 160 ஜி.பி. மூட்டைக்கு 219 கட்டிக்கொண்டிருக்கிறேன்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வங்கி வட்டி போடவே செய்கிறது. அந்த வட்டி அளவுக்குக் கடை முன்கூட்டியே தள்ளுபடி தருகிறது. ஆனால் வட்டி மேல் விழும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான், கூடவே செயலாக்கக் கட்டணமும். 72,000 ரூபாயை ஆறு மாதத் தவணையில், 16 சதவீத வட்டியில் போட்டால் வட்டி சுமார் 3,250, அதற்கு ஜி.எஸ்.டி. 585, செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக, ‘நோ காஸ்ட்’டின் விலை 820 ரூபாய். மோசம் என்று சொல்லவில்லை, தெரிந்து எடுங்கள். முழுப்பணம் கட்டினால் கிடைக்கும் கார்டு தள்ளுபடி தவணையில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சில சமயம் இரண்டில் ஒன்றுதான்.

ஐபோன் நம் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகிறதே, இங்கே கொஞ்சம் குறைச்சலாகக் கிடைக்காதா என்று என் பெரியப்பா கேட்டார். கிடைக்காது. 79,900-இல் 12,188 ரூபாய் ஜி.எஸ்.டி. மட்டும். சொந்தத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. எண் வைத்திருப்பவர்கள் பில் போடும்போதே அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் மாற்றித் தரக் கடைக்காரர்கள் யோசிப்பார்கள்.

7. எக்ஸ்சேஞ்ச்: அவசரப்பட்டுப் பழைய போனைக் கொடுக்காதீர்கள்

இங்கேதான் நான் பெரிதாக ஏமாந்தேன். இணையத்தில் மாடல் பெயரைப் போட்டதும் 11,500 என்று காட்டியது. கடையில் எடுத்தவர் போனை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் ஒரு மயிரிழைக் கோட்டைக் காட்டினார். நான்கு வருடத்தில் நானே பார்த்திராத கோடு. 7,200 என்றார். பில் பாதி போட்டாகிவிட்டது, பின்னால் வரிசை நிற்கிறது, தலையாட்டிவிட்டேன். இணையத்தில் ஆர்டர் செய்தாலும் இதேதான். எடுக்க வருபவர் வாசலில் வைத்துச் சோதிப்பார், பிடிக்கவில்லை என்றால் வித்தியாசத்தைப் பணமாகக் கேட்பார், அல்லது எக்ஸ்சேஞ்சையே ரத்து செய்வார்.

‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ என்பது வேறு, போனின் விலை வேறு. ‘20,000 வரை’ என்ற விளம்பரத்தில் இரண்டும் கலந்திருக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். போனஸ் சிறியதாக இருந்தால் பழைய போனை வெளியில் விற்பதே மேல்.

ஆனால் விலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்சில் புதுப் போன் உங்கள் கைக்கு வரும் அதே நிமிடம் பழையது அவர்கள் பைக்குள் போய்விடும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வாட்ஸ்அப் மாற்ற இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த படிக்கு முன் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் என் கதைதான்.

8. வாட்ஸ்அப்

என் ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தினமும் கூகுள் டிரைவில் பேக்கப் எடுத்துவந்தது. அது இருக்கிறதே என்ற தைரியத்தில் பழைய போனைக் கொடுத்தேன். அந்த பேக்கப்பை ஐபோன் படிக்காது. வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால் வெறிச்சென்று இருந்தது. வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு, நார்த்தங்காய் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு என்று அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் உள்பட எதுவும் இல்லை.

முறையான வழி இது. புது ஐபோனை முதன்முதலில் இயக்கி அமைக்கும்போதே ‘ஆண்ட்ராய்டிலிருந்து கொண்டுவா’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய போனில் ‘மூவ் டு ஐ.ஓ.எஸ்.’ ஆப்பைப் போட்டு, ஐபோன் காட்டும் எண்ணை அதில் அடித்து, பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொடுங்கள். இரண்டையும் சார்ஜில் போட்டுவிட்டு நகருங்கள். முடிந்ததும் ஐபோனில் அதே எண்ணைக் கொண்டு வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும். ஐபோனை ஏற்கெனவே அமைத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் அதை முழுவதும் அழித்து முதலிலிருந்து தொடங்கினால்தான் வேலை நடக்கும். கடைக்காரர் அன்போடு ‘நானே செட் பண்ணித் தரேன் சார்’ என்பார். வேண்டாம் என்று சொல்லிப் பெட்டியோடு வாங்கி வாருங்கள்.

என்னைப் போல் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ஒரு சுற்றுவழி இருக்கிறது. வேறொரு ஆண்ட்ராய்டு போனை இரவல் வாங்கி, உங்கள் கூகுள் கணக்கைப் போட்டு, உங்கள் எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறந்து டிரைவ் பேக்கப்பை மீட்டெடுங்கள். பிறகு ஐபோனை அழித்து, மேலே சொன்னபடி மாற்றுங்கள். இடைப்பட்ட நாட்களில் ஐபோனில் வந்த உரையாடல்கள் போய்விடும். மனைவியின் பழைய போனை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைச் செய்தேன். புளிக் கணக்கு திரும்பி வந்தது. பேக்கப்பில் வீடியோவை அணைத்து வைத்திருந்ததால் வீடியோக்கள் வரவில்லை.

எஸ்25 வாங்குபவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. மச்சான் ஸ்மார்ட் ஸ்விட்ச் ஆப்பில் கேபிளைச் செருகி எல்லாவற்றையும் மாற்றினான். வாட்ஸ்அப்பை அதன் செட்டிங்ஸிலேயே உள்ள கியூ.ஆர். கோடு வழியாக மாற்றினான். டீ குடித்து முடிக்குமுன் ஆகிவிட்டது.

9. யூ.பி.ஐ.: மாதத் தொடக்கத்தில் போன் மாற்றாதீர்கள்

புதுப் போனில் யூ.பி.ஐ. ஆப்பைப் பதிவு செய்ய உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். போக வேண்டும். சிம் மாற்றினால் மோசடியைத் தடுப்பதற்காக 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ்.ஸை நிறுத்தி வைப்பார்கள். இ-சிம் ஆக்கியபோதும் எனக்கு அப்படித்தான் ஆனது. நான் வங்கி எண்ணையே இ-சிம் ஆக்கியிருந்தேன் அல்லவா? ஒரு நாள் ஓ.டி.பி.யும் இல்லை, யூ.பி.ஐ.யும் இல்லை.

அதற்குப் பிறகும் முழுதாகத் திறக்காது. புதுப் போனில் பதிவு செய்ததும் கொஞ்ச காலம் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. பொதுவாக ஆண்ட்ராய்டில் இது 24 மணி நேரம், ஐபோனில் 72 மணி நேரம். மகளின் பள்ளிக் கட்டணம் 18,500 ரூபாய், கடைசி நாள் அன்றைக்குத்தான். கவுன்டரில் நின்று மூன்று முறை அழுத்தினேன், மூன்று முறையும் சிவப்பு. மனைவிக்குப் போன் போட்டுக் கட்டச் சொன்னேன். ‘80,000 ரூபாய்ப் போன்’ என்று அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்.

ஆகவே சிம்மையும் போனையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வாடகை, கட்டணம், தவணை எல்லாம் முடிந்த பிறகு, மாத நடுவில், ஒரு சனிக்கிழமை காலையில் போனை மாற்றுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் டெபிட் கார்டும் இருக்கட்டும். வங்கி ஆப், டிஜிலாக்கர், உள்நுழைவுக் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் ஆப் எல்லாவற்றிலும் மறுபடி நுழைய வேண்டும். ஆதென்டிகேட்டரைப் பழைய போன் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

10. ஆவணங்களும் பெட்டி திறப்பும்

கொண்டு போக வேண்டியவை: ஆதார், பணம் கட்டும் கார்டு. கார்டு இல்லாமல் நிதி நிறுவனத் தவணை என்றால் பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரம், ரத்து செய்த காசோலை. எக்ஸ்சேஞ்ச் என்றால் பழைய போனின் பில்லும் பெட்டியும் இருந்தால் பேச்சு வார்த்தை சுலபம்.

பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். கார்டு சலுகைக்காக நண்பர் கார்டில் வாங்கினாலும் பில்லில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்து (ஐபோன் என்றால் வீட்டில் அமைத்து முடித்த பிறகு) *#06# அடித்து வரும், ஒவ்வொரு போனுக்கும் உரிய ஐ.எம்.இ.ஐ. எண்ணும், பெட்டியில் உள்ளதும், பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கினால் உறையைக் கிழிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தையும் இடைவெளி விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்த எண்ணின் விவரம் வரும். பழைய போன் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், திருட்டுப் போனாக இருந்தால் தெரிந்துவிடும்.

பில்லைப் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள். கடையில் தரும், வெப்பத்தில் அச்சாகும் தாள் ஆறு மாதத்தில் வெளிறிவிடும். போன் தொலைந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்க, போலீஸ் புகார் நகலோடு இதுவும் கேட்பார்கள்.

11. பழைய போனை விற்குமுன்

பதினைந்து நாள் வீட்டிலேயே இருக்கட்டும். மறந்துபோன ஏதாவது ஒன்று நிச்சயம் அதில் இருக்கும். அப்புறம் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை முதலில் நீக்குங்கள், சாம்சங் போன் என்றால் சாம்சங் கணக்கையும் நீக்குங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான். கணக்கை நீக்காமல் ரெக்கவரி மெனு வழியாக அழித்தால் வாங்கியவர் திறக்கும்போது போன் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே நிற்கும். மச்சான் அப்படித்தான் விற்றான். வாங்கியவர் இரவு பத்தரை மணிக்குக் கூப்பிட்டார். மறுநாள் காலை போன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். அவர் முன்னாலேயே கடவுச்சொல்லை அடித்து, கணக்கை நீக்கி, மறுபடி அழித்துக் கொடுத்து அனுப்பினோம். வந்து போன பெட்ரோலுக்கு 200 ரூபாய் குறைத்துக்கொண்டார்.